நூற்று இருபத்தேழு டிகிரி

16 அக்டோபர், திங்கள்

இது நாட்குறிப்பு அல்ல. பழுதுப் பதிவேடு. வானிலை ஆய்வகத்தில் ஒரு கருவி கோளாறு செய்தால், முதல் வேலை அதற்கென்று ஒரு நோட்டுப் போடுவது. தேதி, நேரம், அளவு, குறிப்பு. முப்பத்தொரு வருடம் அப்சர்வராக இருந்தேன். கண்ணால் பார்க்காத அளவை ஒரு நாளும் எழுதியதில்லை.

கருவி: என் கணவர் சவரிராயனின் கம்ப்யூட்டர். அவரே பாகங்களை வாங்கிப் பூட்டியது. வயது ஒன்பது. கோளாறு: உள்ளே இருக்கும் ஃபேன் திடீரென்று பேரிரைச்சல் போடும், பிறகு தானாக அடங்கும்.

அவர் பிப்ரவரியில் இறந்ததிலிருந்து அது துணி போர்த்திக் கிடந்தது. இன்று காலை அவருடைய தம்பி மரியதாஸ் வந்து கேட்டதால்தான் இந்த வேலை.

"மதினி, அண்ணன் கம்ப்யூட்டர் சும்மாதான கெடக்கு. எம் பேத்திக்குக் குடுத்தா படிப்பால்லா."

பழுதுள்ள பொருளை யாருக்கும் கொடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை, சரிசெய்து தருகிறேன் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஆறிப்போன காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு சங்கதி. அவ வாரா மதினி. கல்லறைத் திருநாளுக்கு. அண்ணனைப் பாக்கணுமாம். வீட்டுக்கு வரலாமான்னு ஒங்ககிட்ட கேக்கச் சொன்னா."

"மெஷின் சரியாகட்டும், சொல்றேன்."

"மெஷினுக்கும் அதுக்கும் என்ன மதினி?"

"ஒரு நேரத்தில் ஒரு வேலை" என்றேன்.

அவள் என்பது எங்கள் மகள். ஒரே பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். ஒன்பது வருடம் முன்பு, முதல் மனைவியை விவாகரத்துச் செய்திருந்த ஒருவரைப் பதிவு அலுவலகத்தில் கலியாணம் செய்துகொண்டாள். கோவில் இல்லை, குருவானவர் இல்லை, பூசையில் கலியாண ஓலை வாசிப்பு இல்லை. செய்தி வந்த அன்றே சவரிராயனிடம் சொன்னேன்: இந்த வீட்டில் இனி அவள் பெயர் என் காதில் விழக் கூடாது. அவர் "சரி" என்றார். எதற்கும் "சரி" என்கிறவர். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயர் என் காதில் விழவில்லை.

நவம்பர் 2, வியாழக்கிழமை. பதினேழு நாள் இருக்கிறது. ஒரு ஃபேனுக்கு அது போதும்.

17 அக்டோபர், செவ்வாய்

துணியை எடுத்தேன். பக்கத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். எட்டு மாதத் தூசி. ஃபேனின் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஆறு ஸ்குரூவில் ஒன்று மற்றதைவிட நீளம். பொருந்தாததை எப்படியோ பொருத்தி வைப்பது அவர் வழக்கம். ஆய்வகத்தில் அவர் கருவி மெக்கானிக். கருவிகளைப் படிக்கிற வேலை எனக்கு. அவற்றின் பேச்சை ஒழுங்குபடுத்துகிற வேலை அவருக்கு.

மேஜை இழுப்பறையில் காதில் மாட்டுகிற ஒரு ஹெட்ஃபோன், வாய்ப்பக்கம் குட்டி மைக்குடன். எதற்கு வாங்கினாரோ. துடைத்து ஓரமாக வைத்தேன்.

பழைய நிகழ்வுகளையும் எழுதி வைப்பது முறை. கோளாறு ஒன்பது வருடமாக உண்டு. மாலை வேளைகளில் அவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது இரையும். "வெயில் ஊரு, மெஷின் சூடாயிருது. உனக்குத் தொந்தரவா இருக்கும், கதவைச் சாத்திக்கிடுதேன்" என்பார். நான் கூடத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன்.

கடைசியாக இரைந்தது பிப்ரவரி 10, வெள்ளி. அன்று காலை அவர் இறந்துவிட்டார். மாலையில் கூடத்தில் அவர் உடலைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாத்தியிருந்த அறையிலிருந்து அந்த இரைச்சல். அதற்கு நடுவே மணியடிப்பதுபோல இன்னொரு சத்தம், விட்டு விட்டு. இதுவும் கோளாறின் பகுதி என்று நினைத்தேன். எழுந்துபோய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாள் அடக்கம். அது முடியும்வரை வெளியூருக்கு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று மரியதாஸிடம் சொல்லியிருந்தேன். அதற்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமில்லை.

18 அக்டோபர், புதன்

திரையின் மூலையில் மூன்று வெப்ப அளவுகளையும் ஃபேனின் வேகத்தையும் காட்டும் சிறு கட்டம் இருக்கிறது. சவரிராயன் வைத்தது. ஆய்வகத்து முறைப்படி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

காலை 8.30: பிராசசர் 36, மதர்போர்டு 33, மூன்றாவது 127. ஃபேன் 880.
11.30: 39, 36, 127. ஃபேன் 900.
2.30: 44, 40, 127. ஃபேன் 960.
5.30: 41, 38, 127. ஃபேன் 910.

ஒரு குறையும் இல்லை, அந்த மூன்றாவதைத் தவிர. 5.40க்குக் காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து இரைச்சல் கிளம்பியது. 6.25க்கு அடங்கியது. அது பதிவு நேரம் அல்ல. நேரம் தவறிப் பார்த்த அளவைப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. ஆகவே ஏற்றவில்லை.

19 அக்டோபர், வியாழன்

நான்கு நேரமும் நேற்றைப் போலவே. 5.40க்கு இரைச்சல். பதிவு நேரம் அல்ல.

மரியதாஸ் இரண்டு தடவை போன் செய்தார். ரசம் வைத்துக்கொண்டிருந்தேன்.

20 அக்டோபர், வெள்ளி

மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இசக்கிராஜ் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் கடையில்தான் சவரிராயன் பாகங்கள் வாங்குவார். நேராகப் போய் சவரிராயன் நாற்காலியில் உட்காரப் பார்த்தார். ஸ்டூலைக் காட்டினேன்.

திரையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், இந்தா நூத்தி இருவத்தேழுல நிக்குல்லா. தண்ணியே நூறுல கொதிச்சிரும். போர்டு போச்சு. புதுசு மாத்தணும்."

"எந்த இடத்தில் நூற்று இருபத்தேழு?"

"உள்ளதான்."

"உள்ளே எங்கே? விரலை வைத்துக் காட்டுங்கள்."

குனிந்து பார்த்தார். விரலை அங்குமிங்கும் கொண்டுபோனார். எங்கும் வைக்கவில்லை.

"அது வந்து மேடம், மொத்தமா ஒரு சூடு."

மொத்தமா ஒரு சூடு என்று எந்தக் கருவியும் அளப்பதில்லை, ஒவ்வொரு வெப்பமானியும் ஓர் இடத்தைத்தான் தொட்டுக்கொண்டிருக்கும் என்றேன். எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் அரைகுறைப் பதில் சொன்னால் நிற்கவைத்துவிடுவார். இவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"சார் இருந்தா ஒரு நொடில சொல்லிருப்பாங்க" என்றார் போகும்போது.

21 அக்டோபர், சனி

இரைச்சல் இல்லை.

22 அக்டோபர், ஞாயிறு

இல்லை. பூசைக்குப் போனேன். கல்லறைத் திருநாளன்று கல்லறைகளை மந்திரிப்பது மாலை நான்கு மணிக்கு என்று சாமியார் அறிவித்தார். நான் காலையிலேயே போய்விட்டு வந்துவிடலாம் என்றிருக்கிறேன். மாலையில் கூட்டம்.

23 அக்டோபர், திங்கள்

ஆயுத பூசை. தெருவில் லாரிக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்தார்கள். ஊருக்கே விடுமுறை. அறைக்குள் 5.40க்கு இரைச்சல்.

இன்று விதியை மீறினேன். கைக்கடிகாரத்தோடு அறையில் உட்கார்ந்திருந்தேன். இரைச்சல் எழுந்த நிமிடத்தில் பிராசசர் 41, மதர்போர்டு 38. ஃபேன் 2,870. மத்தியானம் இரண்டரைக்கு 44 இருந்தபோது ஃபேன் 960தான். சூடு குறைந்த பிறகு விசிறி மூன்று மடங்கு வேகத்தில் சுற்றுகிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பார்கள்: ஒரு நாளின் உச்ச வெப்பம் பிற்பகல் இரண்டிலிருந்து மூன்றுக்குள். ஐந்தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கும். அப்படியிருக்க, சாயங்காலம் சூடாகிறது என்று அவர் சொன்னதை ஒன்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஐந்தரைக்கு, வீட்டு மாடியில் நான் வைத்திருக்கும் வெப்பமானியையும் மழைமானியையும் பார்த்து எழுதிவிட்டு இறங்குவேன். எட்டரைக்குத்தான் மறுபடி ஏறுவேன். நடுவே நடந்தது எதுவும் என் நோட்டில் இல்லை. அவருக்கு முழங்கால் போன பிறகு மாடிக்கு வருவதையே விட்டுவிட்டார். ஆனால் என் நேரங்கள் அவருக்கு மனப்பாடம்.

24 அக்டோபர், செவ்வாய்

மூன்றாவது அளவைத் தீர்த்தேன்.

நேற்று இரவு ஒன்பதுக்கு மெஷினை அணைத்தேன். காலை ஆறு மணிக்குப் போட்டேன். அறையில் 25 டிகிரி. பிராசசர் 27, மதர்போர்டு 26. மூன்றாவது 127. இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த ஒரு பொருள் விழித்த நொடியே கொதிக்காது. மாறாத வெப்பமானி வெப்பமானியே அல்ல.

அலமாரியில் மதர்போர்டின் கையேடு இருந்தது. ஆங்கிலத்தில், சுமாரான ஆங்கிலம். முப்பத்தாறாம் பக்கம்: விரும்பினால் வெளியிலிருந்து ஒரு சென்சார் ஒயரைச் செருகிக்கொள்ள இரண்டு ஊசிகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஊசிகள் மொட்டையாக நிற்கின்றன. செருகியிருப்பது ஒன்றுமில்லை. எதையும் தொடாததால் அளவுகோலின் உச்சியைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஆய்வகத்திலும் ஒயர் அறுந்த கருவி இப்படித்தான் உச்சியில் போய் நிற்கும். சவரிராயனுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

இசக்கிராஜுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப போர்டு நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார், அவரே கண்டுபிடித்தவர் மாதிரி. மெஷினைப் போடும்போதே டெலீட் பொத்தானை அழுத்தினால் போர்டின் சொந்த அமைப்புக்குள் போகலாம் என்றார். போனேன். ஃபேன் பிராசசரின் சூட்டைப் பார்த்துச் சுற்ற வேண்டும் என்றுதான் இருக்கிறது. 5.40க்கு அந்தத் திரையிலேயே விட்டுவைத்தேன். இரைச்சல் இல்லை. ஆக, போர்டு குற்றமற்றது. மேலே ஓடுகிற ஏதோ ஒன்று அதற்குத் தப்பாகக் கட்டளை கொடுக்கிறது.

26 அக்டோபர், வியாழன்

மரியதாஸ் நேரிலேயே வந்துவிட்டார். மூன்றாவது சென்சாரைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தார், நானும் விளக்கினேன்.

"அப்ப எதையுமே தொடாம, கொதிக்கேன் கொதிக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்குமோ?"

"ஆமாம்."

"நம்ம குடும்பத்துலயும் அப்படி ஒரு ஆளு உண்டு மதினி" என்று சொல்லிவிட்டுத் தன் சிரிப்பைத் தானே ரசித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துக் காப்பியைக் குடித்தார்.

"சனிக்கிழமை பிளேன் ஏறுதா. என்ன சொல்ல?"

"கல்லறைத் தோட்டம் பொது இடம். யாரும் வரலாம். வீடு என்னுடையது."

"வரக் கூடாதுன்னு சொல்லட்டா?"

"நான் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணன் ஒங்களுக்குப் பயந்துக்கிட்டே செத்துப்போனாம் மதினி."

அது பொய். சவரிராயன் மாரடைப்பில் இறந்தார். சர்டிபிகேட் இருக்கிறது.

27 அக்டோபர், வெள்ளி

5.40. இரைச்சல். 6.25. முடிந்தது.

29 அக்டோபர், ஞாயிறு

நேற்றும் இன்றும் இரைச்சல் இல்லை. சனி, ஞாயிறு ஓய்வு எடுத்துக்கொண்டு ஆயுத பூசையன்று வேலை செய்கிற மெஷினை இப்போதுதான் பார்க்கிறேன்.

மழைமானி: வறட்சி. பருவமழை இந்த வருடம் நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

30 அக்டோபர், திங்கள்

5.40க்குக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். இரைச்சல் இல்லை. ஆறு மணி ஆயிற்று. இல்லை. கோளாறு தீர்ந்தது என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். தானாகத் தீருகிற கோளாறை நான் நம்புவதில்லை. மூடிவிட்டேன்.

6.40க்கு இரைந்தது. 7.25க்கு நின்றது.

சரியாக ஒரு மணி நேரம் தள்ளி.

ஆய்வகத்திலிருந்து எங்கள் அளவெல்லாம் கிரீன்விச் நேரம் போட்டுத்தான் போகும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கழிப்பேன். ஆறு நாற்பதில் ஐந்தரை போனால் ஒன்று பத்து.

நேற்று அக்டோபரின் கடைசி ஞாயிறு. அந்த நாட்டில் அன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைப்பார்கள். போன வெள்ளிவரை இங்கே ஐந்து நாற்பது என்றால் அங்கே ஒன்று பத்து. இன்று இங்கே ஆறு நாற்பது என்றாலும் அங்கே ஒன்று பத்து. திங்கள் முதல் வெள்ளி வரை. நாற்பத்தைந்து நிமிடம்.

அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு மணி அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

இட்லி மாவு புளித்துவிட்டது. கொட்டிவிட்டேன்.

31 அக்டோபர், செவ்வாய்

இசக்கிராஜை வரச்சொன்னேன். குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யும்படி மெஷினுக்குச் சொல்லிவைக்கும் பட்டியல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். திறந்து காட்டினார்.

அதில் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு வரி. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒரு வரி, அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து ஒரு வரி. அந்த நாற்பத்தைந்து நிமிடம் மட்டும் ஃபேன் பிராசசரை விட்டுவிட்டு மூன்றாவது சென்சாரைப் பார்க்க வேண்டும். அது எப்போதும் 127 என்று சொல்லும். ஃபேன் அதை நம்பி முழு வேகத்தில் சுற்றும். ஒயர் இல்லாத இரண்டு ஊசிகளை அவர் விட்டுவைத்தது மறதியால் அல்ல.

"யப்பா, சார் பக்காவா செஞ்சிருக்காங்க" என்றார் இசக்கிராஜ். "கோளாறே இல்ல மேடம். வேணும்னே வச்சது. ஆனா சத்தத்தை வச்சிக்கிட்டு என்ன செய்ய?"

 அவர் கண் மேஜையோரம் இருந்த ஹெட்ஃபோனில் விழுந்தது.

"இது நம்ம கடைல வாங்குனதுல்லா. எனக்கு ஞாபகம் இருக்கு. பேசுதவங்க குரல மட்டுந்தான் மைக்கு எடுக்கணும், சுத்தி என்ன சத்தம் இருந்தாலும் போகக் கூடாதுன்னு கேட்டாங்க. 'எதுக்கு சார், மில்லுக்குள்ள நின்னா பேசப் போறீங்க'ன்னேன். 'மில்லுக்கு ஷிப்ட்டு உண்டு இசக்கி, எங்க வீட்ல அதுவும் கெடையாது'ன்னாங்க. சிரிச்சி சிரிச்சி எனக்கு வயிறு வலிச்சிட்டு."

சவரிராயனுக்கு வேடிக்கையாகப் பேச வரும் என்பது எனக்குத் தெரியாது.

"அழிச்சிரட்டா மேடம்? ஒரு நிமிச வேல. பொறவு சத்தமே வராது."

பட்டியலைக் கடைசிவரை தள்ளச் சொன்னேன். வரிகள் 2030 வரை இருக்கின்றன.

"வேண்டாம்" என்றேன். "எழுதியதை அழிக்கும் வழக்கம் எனக்கு இல்லை."

காப்பி கொடுத்தேன். அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்து குடித்தார்.

1 நவம்பர், புதன்

சகல புனிதர்கள் திருநாள். 2030இல் அவருக்கு எண்பத்தேழு வயது ஆகியிருக்கும். எனக்கு எண்பத்து நான்கு.

2 நவம்பர், வியாழன்

காலையில் போகவில்லை. வேலை இருந்தது. மாலை நான்குக்குப் போனேன்.

தோட்டம் முழுக்கக் கூட்டம். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி போட்டு, மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். சவரிராயன் கல்லறையில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் பாதி நரை. யாருடைய தாயாரோ என்று ஒரு நொடி நினைத்தேன். பக்கத்தில் நின்ற மரியதாஸ் என்னைப் பார்த்ததும் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வாளியோடு நழுவினார். வாளியில் தண்ணீர் நிறைய இருந்தது.

"அம்மா" என்றாள்.

"மெழுகுதிரி சாய்ந்திருக்கிறது. நேராக வை."

வைத்தாள். காற்றுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா தெனமும் பேசுவாங்கம்மா. நீங்களும் பக்கத்துல எங்கயோ இருக்கீங்கன்னு நெனச்சுக்கிடுவேன். ஒங்களுக்குத் தெரியும்னுதான்..."

"என்ன பேசுவார்?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு உச்சம் எத்தன டிகிரி, நீங்க என்ன சமைச்சீங்க, யாரோட சண்ட போட்டீங்க. என் கிளாஸ்ல பிள்ளைங்க என்ன செஞ்சாங்கன்னு நான் சொல்லுவேன். அவங்க பேசும்போது பின்னால மெல்லமா ஒரு இரைச்சல் கேக்கும். என்னப்பா சத்தம்னா மழைன்னு சொல்லுவாங்க. தெனமுமா மழைன்னு கேட்டேன். 'ஒங்க அம்மா இருக்க ஊருல்லா, மழை டயத்துக்குப் பெய்யும்'னாங்க."

"இது மழை மறைவுப் பகுதி" என்றேன். "வருடத்தில் நாற்பது நாள் பெய்தால் அதிகம்."

"தெரியும்மா. நானும் இந்த ஊர்லதான பெறந்தேன்."

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். இருவரும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டோம். அவர் அடுத்த வரிசைக்குப் போனதும் அவள் தொடர்ந்தாள்.

"பிப்ரவரி பத்தாம் தேதியும் கூப்பிட்டேன். ரிங் போய்க்கிட்டே இருந்துச்சு. எடுக்கல. முழங்கால் வலி, மெதுவா எந்திரிச்சு வருவாங்கன்னு விடாம அடிச்சேன். அப்புறம் பட்டுன்னு கட்டாயிட்டு. மறுநாள் ராத்திரிதான் சித்தப்பா சொன்னாங்க. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

நான் கல்லறையின் எழுத்துகளைப் பார்த்தேன். தேதியில் பூஜ்யத்தைக் கல்தச்சன் சற்றுக் கோணலாக வெட்டியிருக்கிறான். பிப்ரவரியிலேயே சொன்னேன், திருத்தவில்லை.

"பிளக்கை நான்தான் பிடுங்கினேன்" என்றேன். "கோளாறு என்று நினைத்தேன்."

அவள் திட்டியிருக்கலாம். நானாக இருந்தால் திட்டியிருப்பேன். மெழுகு அவள் விரலில் வழிந்தது. எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வீடு ஒங்களோடதுன்னு சித்தப்பா சொன்னாங்க."

"ஆமாம்."

"நான் வரல. இங்கேயே பாத்துட்டேன்ல்லா, போதும்."

"ஆறு நாற்பதுக்கு வா" என்றேன். "முந்தியும் வேண்டாம், பிந்தியும் வேண்டாம்."

ஆறு முப்பத்தெட்டுக்குக் கேட் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. ஆறு நாற்பதுக்குக் கொக்கியைத் திறந்தாள். நேரம் தவறாமை நான் கற்றுக்கொடுத்தது.

நான் அவளுக்கு முன்னால் அறைக்குப் போனேன். ஃபேன் இரையத் தொடங்கியிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் கதவைச் சாத்தினேன். சவரிராயன் நாற்காலியில் அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினேன். ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொண்டேன். பிராசசர் 42. மதர்போர்டு 38. ஃபேன் 2,870.

பேசினோம். என்ன பேசினோம் என்பது பழுதுப் பதிவேட்டுக்கு உரிய விஷயம் அல்ல. அவள் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதில் அவளுக்கு எவ்வளவு கேட்டதோ. பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லவில்லை, அவளும் வரவில்லை. இரண்டு பேரும் உரக்கப் பேசினோம். ஒரு தடவை அவள் சிரித்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை அது சிரிப்பு அல்ல.

7.25க்கு ஃபேன் அடங்கியது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை எதிர்பார்க்கவில்லை. நான் பாதியில் நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். ஆரம்பித்த வாக்கியத்தை இருவரும் முடிக்கவில்லை.

"போயிட்டு வாரேம்மா" என்றாள், மெதுவாக. தலையசைத்தேன். கேட்வரை போகவில்லை. சனிக்கிழமை விமானம் ஏறுகிறாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் போட்ட விதி இன்றும் மீறப்படவில்லை. அவள் பெயர் இந்த வீட்டில் என் காதில் விழவில்லை. சொன்னேன், மூன்று தடவை. இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

4 நவம்பர், சனி

மரியதாஸ் மெஷினை எடுத்துப்போகப் பெரிய பையோடு வந்தார். கோளாறு தீரவில்லை என்றேன்.

"இசக்கிராஜு தீந்துட்டுன்னானே மதினி."

"அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

பேத்திக்குப் புதிதாக ஒன்று நானே வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே நின்றார். காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார்.

6 நவம்பர், திங்கள்

காலை 8.30: 35, 32, 127. ஃபேன் 880.
11.30: 39, 35, 127. ஃபேன் 900.
2.30: 43, 40, 127. ஃபேன் 950.
5.30: 41, 37, 127. ஃபேன் 910. மாடியில் மழைமானி காலி. வானில் மேகம் இல்லை.

6.35க்குச் செபமாலையை முடித்துவிட்டு அறைக்குப் போனேன். ஹெட்ஃபோன் என் கொண்டைக்குச் சற்று இறுக்கம். கதவைச் சாத்தினேன்.

மழை: மாலை 6.40 முதல் 7.25 வரை.